அக்கா தொட்டால் ஊமை

பாக்யலட்சுமி தொட்டால் மட்டும் அந்தக் கீபோர்டு ஊமையாகிவிடும். நளினி தொட்டால் பாடியது. ஆர்கெஸ்ட்ரா நடத்தும் திலீப் தொட்டால் பாடியது. கேஸ் சிலிண்டர் இறக்க மாடிக்கு வந்தவர் ஆசைக்கு ஒரு குத்து குத்திப் பார்த்தார், அவருக்கும் பாடியது. அதை வருடக்கணக்காக வாசித்துவரும் பாக்யலட்சுமி உட்கார்ந்தால் மட்டும் பல்லவி ஒழுங்காகப் போகும், சரணத்துக்கு வருவதற்குள் சத்தம் நின்றுவிடும். விளக்கு எரியும், லேப்டாப் திரையில் எண்கள் ஓடும், ஸ்பீக்கரில் மட்டும் ஒன்றும் வராது.

நளினிக்கு இது பெரிய தலைகுனிவாக இருந்தது. அந்தக் கீபோர்டையும் லேப்டாப்பையும் பேசவைக்கிற டிரைவர் என்கிற மென்பொருளை எழுதியவள் அவள்தான்.

ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் அவர்களுக்குப் பாத்திரக்கடை, கடைக்கு மேலேயே வீடு. நளினியின் கணவன் தாமோதரன் காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டின பிறகுதான் வருவான். கடையைப் பார்ப்பது அவனுடைய அக்கா பாக்யலட்சுமி. கல்யாணம் வேண்டாம் என்று அந்தக் காலத்திலேயே தீர்மானமாகச் சொல்லிவிட்டு, பகலில் எவர்சில்வர் குடங்களுக்கு நடுவிலும் சாயங்காலம் திலீப்பின் ஆர்கெஸ்ட்ராவிலும் காலத்தை ஓட்டுகிறவள். நளினி மாடியறையில் உட்கார்ந்து ஒரு பெங்களூர் கம்பெனிக்கு லினக்ஸ் என்கிற கம்ப்யூட்டர் இயங்குதளத்தில் வேலை செய்வாள். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் சண்டை போட்டதில்லை, உட்கார்ந்து பேசியதும் அதிகம் இல்லை. சோறு ஆயிற்றா, தண்ணீர் வந்ததா, அவ்வளவுதான்.

திலீப்பின் பழைய லேப்டாப் செத்துப்போனதில்தான் எல்லாம் தொடங்கியது. அந்தக் கீபோர்டு ரொம்பப் பழசு. கட்டையை அழுத்தினால் எந்தக் கட்டை, எவ்வளவு வேகம் என்பதை மிடி என்கிற வாத்திய மொழியின் எண்களாக்கி ஒரு சீரியல் ஒயர் வழியாக லேப்டாப்புக்கு அனுப்பும். லேப்டாப் அதோடு தாளத்தையும் வயலின்களையும் சேர்த்து அதே ஒயரில் திருப்பி அனுப்பும். அதற்குப் பிறகுதான் கீபோர்டு வாயைத் திறக்கும். புது லேப்டாப் எதற்கும் இந்தக் கீபோர்டை அடையாளம் தெரியவில்லை. தயாரித்த கம்பெனியும் என்றைக்கோ கைகழுவிவிட்டது.

"சிஸ்டர், நீங்க டிரைவர் எழுதுறவங்கன்னு தாமு சொன்னான்," என்று திலீப் வந்து நின்றான். "எங்களுக்கு ஒண்ணு எழுதிக் குடுங்களேன். முகூர்த்த சீசன் வருது."

நளினிக்கு உள்ளுக்குள் குஷி. கம்பெனியில் அவள் எழுதுவதெல்லாம் யாரோ எங்கோ பூட்டி வைக்கும் பெட்டிகளுக்கு. இது பாடப்போகிற பொருள். லினக்ஸில் ஏற்கெனவே ஒரு பழைய டிரைவர் இருந்தது. ஆனால் அது கம்ப்யூட்டரின் முதுகில் இருக்கும் அந்தக் காலத்து சீரியல் துளையை நேரடியாகப் பிடிக்கிற ரகம். இப்போதைய லேப்டாப்பில் அந்தத் துளையே கிடையாது, யூஎஸ்பி-யில் செருகும் ஒரு கன்வர்ட்டர் ஒயரை நடுவில் போட வேண்டும். ஆகவே புதிதாகத்தான் எழுத வேண்டியிருந்தது.

"சீரியல்னா டிவி சீரியல் மாதிரியா?" என்று அப்போது பாக்யலட்சுமி கேட்டாள்.

"கிட்டத்தட்ட அதேதான் அக்கா. எல்லா எண்ணும் ஒரே ஒயர்ல வரிசையா, ஒண்ணு பின்னால ஒண்ணா வரும். நடுவுல ஒண்ணைத் தவறவிட்டா கதை புரியாது."

"அப்போ நீ தவறவிடாம பாத்துக்கோ."

முதல் தடவை கீபோர்டு பாடிய அன்று நளினி பத்து விரலாலும் கட்டைகளைப் போட்டு அறைந்தாள். கீழே கடையில் இருந்தவர்கள் மேலே அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு எண் தவறவில்லை. பிறகு பாக்யலட்சுமி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நின்றுபோயிற்று.

ஒயர் லூஸ் என்றாள் நளினி. ஒயரை மாற்றினார்கள். யூபிஎஸ் சரியில்லை என்றான் தாமோதரன். அதை விட்டு நேராகக் கரண்டில் போட்டார்கள். கட்டைக்கு அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கும் என்றான் திலீப். பிரித்துத் துடைத்து மாட்டினான். ஒவ்வொரு தடவையும் நளினி வாசித்துப் பார்த்தபோது சரியாக இருந்தது, பாக்யலட்சுமி உட்கார்ந்ததும் நின்றது. கடைசியில் திலீப் எங்கிருந்தோ ஒரு எலுமிச்சம்பழத்தை வாங்கிவந்து கீபோர்டு ஸ்டாண்டில் கட்டினான். நளினி அதை அவிழ்க்கச் சொல்லவில்லை. சொல்ல அவளிடம் வேறு விளக்கமும் இல்லை.

"இன்னா நளினி," என்றாள் பாக்யலட்சுமி ஒருநாள், கட்டைகளைத் தொடாமல் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு. "அதுல கோளாறா, என் கையில கோளாறா?"

"உங்க கையில இன்னா கோளாறு வரும் அக்கா?"

"பின்ன உங்க எல்லாருக்கும் பாடுதே."

அந்தக் கேள்வியில் வேறொரு கேள்வியும் ஒளிந்திருப்பதுபோல நளினிக்குப் பட்டது. நீ எனக்கு மட்டும் பாடாதபடி எழுதிவைத்தாயா என்று. அப்படிக் கேட்டாளா, இவளாக நினைத்துக்கொண்டாளா என்று தெரியவில்லை. அன்று முழுவதும் அந்தச் சந்தேகத்திலேயே உழன்றாள், சாம்பாரில் உப்பு இரண்டு தரம் விழுந்தது.

அந்தச் சமயத்தில்தான் மைசூர் மைன்ஸ் பக்கம் ஒரு மண்டபத்தில் ரிசப்ஷன் வந்தது. நளினி எதற்கும் இருக்கட்டும் என்று கூடவே போய் மேடைக்குப் பின்னால் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று பாட்டு நன்றாகவே போயின. நாலாவது மெதுவான பாட்டு. நடுவில் கீபோர்டு நின்றது. பாக்யலட்சுமி அழுத்தினாள். மேலும் ஓங்கி அழுத்தினாள். கட்டை அடித்தட்டில் இடிக்கிற சத்தம்தான் வந்தது. திலீப் தன் ரிதம் பேடில் தாளத்தை மட்டும் தட்டிச் சமாளித்துப் பாட்டை முடித்தான்.

பாட்டு முடிந்ததும் மணமகளின் பெரியப்பா வால்டர் மைக்கைப் பிடித்து, வந்தவர்களுக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தார். பாக்யலட்சுமிக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சும்மா இருக்க முடியாமல் ஒரு துணியை எடுத்துக் கட்டைகளின் மேல் மெல்லத் துடைத்தாள். உடனே, அவள் இதுவரை அழுத்தி வராமல் போன அத்தனை ஸ்வரங்களும் வயலினும் மேளமுமாக ஒரே மூச்சில் கொட்டின. வால்டர் துள்ளிவிட்டார். பந்தியில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள்.

பாக்யலட்சுமி சிரிக்கவில்லை. துணியை மடித்து வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கிப் போனாள்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது திலீப் சொன்னான்: "பாக்யக்கா, பேஜார் பண்ணிக்காதீங்க. நீங்க ரொம்ப பூ மாதிரி தொடறீங்க. சிஸ்டர் மாதிரி கொஞ்சம் பலமா அழுத்துங்க. அழுத்தினா நிக்கறதில்ல பாருங்க."

நளினியும் தலையை ஆட்டினாள். அது ஏன் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் வேறு வழி சொல்லவும் தெரியவில்லை. மறுநாள் லேப்டாப் எழுதிவைத்திருந்த பதிவைப் பார்த்தபோது குழப்பம் அதிகமாயிற்று. வந்த ஒவ்வொரு மிடி செய்தியும் ஒழுங்காக இருந்தது. போக வேண்டிய ஒவ்வொன்றும் போய்விட்டதாகத்தான் டிரைவர் சொன்னது. போனது என்றால் எங்கே போயிற்று? அத்தனை நேரம் எங்கே தங்கியிருந்து பிறகு வந்து கொட்டிற்று?

பாக்யலட்சுமி சொன்னபடி செய்தாள். கடை சாத்தியதும் மேலே வந்து, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டையாகக் குத்தப் பழகினாள். சப்பாத்திக்கு மாவு பிசைகிற மாதிரி தோளிலிருந்து பலம் கொடுத்தாள். கீபோர்டு நிற்கவே இல்லை. அடுத்தடுத்து வந்த இரண்டு கல்யாணங்களும் நல்லபடியாக நடந்தன. திலீப் எலுமிச்சம்பழத்துக்கு நன்றி சொன்னான்.

எல்லோருக்கும் பிரச்சினை தீர்ந்துவிட்டது, நளினியைத் தவிர. அவள் எதையுமே சரிசெய்யவில்லையே. தானாகப் போன கோளாறு தானாகத் திரும்பி வரும் என்பதை அவள் வேலையில் பல தடவை பார்த்திருந்தாள். தவிர, இப்போது பாக்யலட்சுமி வாசிப்பது கேட்க நன்றாக இருக்கிறதா என்றே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. முன்பெல்லாம் அவள் வாசித்தால் நளினி வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். இப்போது கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றியது. சங்கீதம் தெரியாத தனக்கு இதைச் சொல்ல என்ன யோக்கியதை என்று பேசாமல் இருந்தாள்.

ஒரு மத்தியானம் கடையில் ஆள் இல்லை. பாக்யலட்சுமி மேலே வந்து போனில் ஒரு பாத்திர மொத்த வியாபாரியோடு வாதாடிக்கொண்டிருந்தாள்.

"மூடி ஒரு சைசு, குக்கர் ஒரு சைசா அனுப்பி வெச்சிக்கினு, நல்லா தேச்சி மூடுங்கன்னு சொல்றீங்களே, இது இன்னா நியாயம்? ... ஆங், சொல்லுங்க, சொல்லுங்க."

போன் ஒரு காதில். இன்னொரு கை, அதற்கே தெரியாமல், கீபோர்டின் மேல் ஏதோ ஒரு மெட்டைத் தடவிக்கொண்டிருந்தது. பழைய தொடுகை. நளினி திரையிலிருந்து தலையைத் தூக்கினாள், காது தானாக அங்கே போயிற்று. அப்போது சத்தம் நின்றது.

பாக்யலட்சுமி கவனிக்கவில்லை. விரல்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. குக்கர் மூடி வாதம் நடந்துகொண்டிருந்தது. நளினி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கொஞ்ச நேரத்தில், எதுவும் மாறாமலேயே, தேங்கியிருந்ததெல்லாம் ஒரேயடியாகக் கொட்டியது. பாக்யலட்சுமி நெருப்பைத் தொட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள்.

"அப்புறம் பேசறேங்க," என்று போனை வைத்தாள். "நளினி, நான் அழுத்தல. மறந்துட்டேன். பேச்சுல மறந்துட்டேன்."

"அக்கா, மறுபடி அதே மாதிரி வாசிங்க."

"இன்னா?"

"மெதுவா. இப்ப வாசிச்ச மாதிரியே. தயவு பண்ணி."

"நிக்கும்."

"நிக்கட்டும். நிக்கணும் அக்கா. அது நின்னாதான் எனக்குத் தெரியும்."

இத்தனை நாள் நிறுத்தாதே என்று சொன்னவள் இப்போது நிறுத்து என்கிறாளே என்று பாக்யலட்சுமி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனாலும் உட்கார்ந்தாள். வேண்டுமென்று வாசித்தபோது அந்த மென்மை வரவில்லை, பழகிய கை குத்தவே போயிற்று. கடைசியில் நளினி போனை அவள் கையில் கொடுத்து, "அந்த வியாபாரிக்கே இன்னொரு தரம் போடுங்க" என்றாள். பாக்யலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் இருவரும் முதன்முதலாகச் சேர்ந்து சிரித்தது அன்றுதான். போன் போட்டாள். கை தளர்ந்தது. கீபோர்டு மறுபடி நின்றது.

இந்த முறை நளினி முழுமையான செய்திகளை மட்டும் பார்க்காமல், ஒயரில் வந்த எண்களை வந்தபடியே திரையில் கொட்டச் செய்திருந்தாள். ஒரு கட்டையை அழுத்தினால் மூன்று எண்கள் வரும்: கட்டை அழுத்தப்பட்டது என்று ஒன்று, எந்தக் கட்டை என்று ஒன்று, எவ்வளவு வேகம் என்று ஒன்று. சத்தம் நின்ற இடத்தில் இரண்டுதான் இருந்தன. மூன்றாவதைக் காணோம். அரைகுறையாக வந்த செய்தியை அவளுடைய டிரைவர் ஓசைப்படாமல் தூக்கிப்போட்டிருந்தது. அதனால்தான் அவளுடைய பதிவில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒழுங்கில்லாததை அது எழுதவே இல்லை.

காணாமல் போன எண் எது? அடுத்து வந்த மத்தியானங்களில் பாக்யலட்சுமி மெதுவாக வாசித்துக்கொண்டே இருந்தாள், நளினி வந்த வேகங்களையெல்லாம் எண்ணிக் குவித்தாள். குவியலில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. பதினாறு நிறைய இருந்தது. பதினெட்டு இருந்தது. இருபது, இருபத்தொன்று எல்லாம் இருந்தன. பதினேழும் பத்தொன்பதும் ஒன்றுகூட இல்லை.

சீரியல் ஒயரில் கொஞ்ச நாள் வேலை செய்த யாருக்கும் அந்த இரண்டு எண்களும் தெரியும். தந்தி அச்சடித்த டெலிபிரிண்டர் காலத்து வழக்கம். எதிர்ப்பக்கம் மூச்சு முட்டினால் பத்தொன்பதை அனுப்பும்: நிறுத்து. தயாரானால் பதினேழை அனுப்பும்: விடு. மிடிக்கு அந்த வழக்கம் கிடையாது, அதற்கு இவை வெறும் வேகங்கள். தன் டிரைவரில் அதை எங்கேயும் சேர்க்கவில்லை என்று நளினிக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் போர்ட்டை, அதாவது அந்தச் சீரியல் வழியை, திறக்கும்போதே லினக்ஸ் அந்தப் பழைய வழக்கத்தைத் தானாக ஆன் செய்துவைத்திருந்தது. அவள் அணைக்கவில்லை. கன்வர்ட்டர் ஒயருக்குள் இருந்த சில்லு அந்த உத்தரவை அப்படியே நிறைவேற்றிக்கொண்டிருந்தது. பத்தொன்பது வந்ததும் அதை விழுங்கிவிட்டு, கீபோர்டுக்குத் திரும்பிப் போகும் கதவைச் சாத்தியது. பதினேழு வரும்வரை திறக்கவில்லை, போக வேண்டியதெல்லாம் அதுவரை உள்ளேயே தேங்கியது. மண்டபத்தில் துணி பட்டு வந்தது அந்தப் பதினேழுதான். ஓங்கிக் குத்துகிறவர்களுக்குப் பத்தொன்பதும் வராது, பதினேழும் வராது.

சாயங்காலம் திலீப் வந்தபோது நளினி இதைச் சொல்லிப் புரியவைக்கப் பார்த்தாள். பாக்யலட்சுமி டீ டம்ளரை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"கேஜ் மணி மாதிரி," என்றான் திலீப் சட்டென்று. அவன் அப்பா சுரங்கத்தில், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்கிற கூண்டில் போய்வந்து வேலை செய்தவர். "கீழ லெவல்ல இருந்து மணி அடிச்சா மேல வைண்டிங் என்ஜின்காரர் கேஜை நிறுத்திடுவாரு. எவனோ தெரியாம மணிக் கயித்துல சாஞ்சிக்கினான், கேஜு பாதியில நின்னுடுச்சி. அதானே?"

"அதேதான்."

"அப்ப நான்தான் நிறுத்தினேனா?" என்றாள் பாக்யலட்சுமி.

"நீங்க நிறுத்தல அக்கா. உங்க விரல் பத்தொன்பதுன்னு சொல்லிச்சு. நடுவுல இருந்த ஒயரு அதை நிறுத்துன்னு எடுத்துக்கிச்சு."

"நான் மெதுவா வாசிச்சேன். நம்பரா சொன்னேன்?"

"இல்ல. ஆனா..."

நளினி நிறுத்திக்கொண்டாள். சொல்லச் சொல்ல அது விளக்கம் மாதிரியும் இருந்தது, குற்றச்சாட்டு மாதிரியும் இருந்தது. பாக்யலட்சுமி டம்ளரைப் பார்த்துக்கொண்டு, "எனக்குப் புரியல," என்றாள். "ஆனா என் கையில ஒண்ணும் இல்லன்னு சொல்ற. அதானே?"

"ஒண்ணும் இல்ல அக்கா. நான்தான் ஒண்ணை அணைக்க மறந்துட்டேன்."

பாக்யலட்சுமி தலையை அசைத்தாள். அது சரி என்பதா, விடு என்பதா என்று நளினிக்குப் பிடிபடவில்லை.

திருத்தம் ஒரே வரி. போர்ட்டைத் திறக்கும்போது அந்தப் பழைய வழக்கத்தை அணைத்துவிடு, அவ்வளவுதான். இவ்வளவு அலைச்சலுக்கு ஒரு வரியா என்று நளினிக்கே கோபம் வந்தது. அதற்குப் பிறகு குவியலில் பதினேழும் வந்தது, பத்தொன்பதும் வந்தது, சத்தம் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஆனால் பாக்யலட்சுமியின் கை அவ்வளவு சீக்கிரம் திரும்பவில்லை. மெதுவாகத் தொடங்குவாள், இரண்டு வரி தாண்டுவதற்குள் தோளிலிருந்து பலம் இறங்கிவிடும். "நிக்குமோன்னு ஒரு பயம்," என்றாள். "நிக்காதுன்னு மனசுக்குத் தெரியுது, விரலுக்குத் தெரியல." அதற்கு ஒரு வரித் திருத்தம் எதுவும் நளினியிடம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள், அவ்வளவுதான் முடிந்தது. கடைக்கு ஆள் வந்து மணியடித்தால் இவளே இறங்கிப் போய்ப் பாத்திரம் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். தவலைக்கும் குண்டானுக்கும் வித்தியாசம் தெரியாமல் விழித்து, மேலே பார்த்துக் கத்திக் கேட்டாள். மேலேயிருந்து வாசித்துக்கொண்டே பதில் வந்தது.

மாரிகுப்பத்தில் நடந்த ஒரு நிச்சயதார்த்தத்தில் பாக்யலட்சுமி முதல் தடவையாகப் பழையபடி வாசித்தாள். திலீப் அவள் பக்கம் குனிந்து, "அக்கா, கொஞ்சம் பலமா," என்றான்.

"உன் வால்யூமை ஏத்திக்கோ," என்றாள் அவள், கையைப் பார்த்தபடியே.

அந்த வாரம் நளினி தன் டிரைவரை, லினக்ஸ் எழுதுகிறவர்கள் பொதுவில் பேசிக்கொள்ளும் மெயிலிங் லிஸ்டுக்கு அனுப்பினாள். வேறு யாராவது இதே மாதிரி பழைய கீபோர்டை வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருக்கலாம். திருத்தத்தின் கீழே, கோளாறைத் தெரிவித்தவர் என்ற வரியில், பாக்யலட்சுமியின் பெயரையும் பாத்திரக்கடையின் மெயில் முகவரியையும் போட்டாள். அனுப்பிய பிறகு கீழே போய்க் காட்டினாள்.

பாக்யலட்சுமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் முகம் மாறியது.

"இன்னா இது? என் மேல கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கியா?"

"அய்யோ இல்ல அக்கா. நீங்கதான் இதைக் கண்டுபிடிச்சீங்கன்னு போட்டிருக்கேன். மரியாதைக்கு."

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? போன்ல பேசிக்கினு இருந்தேன்."

"அதுதான் கண்டுபிடிப்பு."

"இதை யாரு படிப்பாங்க?"

"ஊர் ஊரா இருக்கறவங்க. ஜெர்மனியில ஒருத்தர் ஏற்கெனவே பதில் போட்டிருக்காரு. எப்படி இது நடக்குதுன்னு கேக்கறாரு."

"கடை மெயிலுக்கா? குக்கர் ஆர்டரெல்லாம் அதுலதானே வருது. அவருக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"நான் சொல்லிக்கறேன்."

பாக்யலட்சுமி நம்பாதவளைப்போல மறுபடி ஒரு தடவை படித்தாள். இந்த முறை ஒவ்வொரு எழுத்தாக, விரலை வைத்து. கடைக்கு வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. ஒருவர் தோசைக்கல் விலை கேட்டார், அவள் காதில் விழவில்லை.

"இங்கிலீஷ்ல லட்சுமிக்கு எக்ஸ் போட்டிருக்க," என்றாள். "ஆதார்ல கே எஸ் எச்."

அனுப்பினதை இனிமேல் மாற்ற முடியுமா, முடியாதா என்று நளினிக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. "பாக்கறேன் அக்கா," என்றாள்.